அறுபத்தொன்றாவது அறை

அத்தியாயம் 9

லிஃப்ட் மெக்கானிக் அந்தப் பொய்யைச் சொல்லி இன்றோடு நூற்றுப் பதினெட்டு நாள் ஆகிறது.

"லிஃப்ட் குழிக்குள்ள இருந்தேன். சிக்னலே இல்லை."

ஐந்தே சொல். மகளிடம் சொன்னார், டாக்டரிடம் சொன்னார், ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த மைத்துனரிடம் சொன்னார். மனைவியிடம் மட்டும் அவர் சொல்லவே இல்லை. மயக்கம் தெளிந்து அவள் கண் விழிப்பதற்குள் மற்றவர்களே அவர் சார்பில் சொல்லி முடித்திருந்தார்கள்.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பத்தொன்பது வருட அனுபவம். அன்று காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவள், துணி காயப்போடப் போன இடத்தில் பின்படிக்கட்டில் வழுக்கி, வலது காலை மடக்கிக்கொண்டு விழுந்தாள். சுளுக்கு என்றுதான் நினைத்தாள். அடுத்த தெருக் கட்டடத்தில் வேலையாக இருக்கும் கணவரைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார், இதற்குப் போய் ஆம்புலன்ஸை வரவழைத்து ஊரைக் கூட்டுவானேன் என்று படியிலேயே உட்கார்ந்து ஃபோன் செய்தாள். பதினொரு தடவை. அவர் வந்து சேர்ந்தபோது முழங்காலுக்குக் கீழே கால் தலையணை மாதிரி வீங்கியிருந்தது.

எலும்பு கூடிவிட்டது. வீக்கத்தில் நசுங்கிய நரம்புதான் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்த டாக்டர், இவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த ஒரு மணி நேரம் மெக்கானிக் எங்கே இருந்தார் என்பது அவருக்குத் தெரியும். அவரோடு எட்டு வாரமாக நடந்து வரும் நமக்கும் தெரியும். குழிக்குள் இல்லை. மொட்டைமாடி மெஷின் ரூமில், நல்ல காற்றில், முழு சிக்னலோடு உட்கார்ந்திருந்தார். எந்த அழைப்பும் குறுக்கே வரக் கூடாதென்று ஃபோனின் வாயை அடைத்துவிட்டு, ஒரு விளையாட்டின் அறுபத்தொன்றாவது அறைக்குள் இருந்தார்.

இன்று அவர் மனைவிக்கு டிப்போவில் பரீட்சை. காலால் பிரேக்கை அழுத்திக் காட்ட வேண்டும்.

---

"ஷூவை நானே மாட்டிக்கிறேன். நீங்க எழுந்திருங்க."

"குனிஞ்சா வலிக்கும்."

"வண்டி ஓட்டப் போறவளுக்கு ஷூ மாட்டத் தெரியலைன்னா சிரிப்பாங்க. எழுந்திருங்கன்னா."

அவர் எழுந்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, வலது பாதத்தைக் கையாலேயே தூக்கி ஷூவுக்குள் நுழைத்தாள். நாடாவை ஒருமுறைக்கு இருமுறை இழுத்து முடிச்சுப் போட்டாள். நான்கு மாதமாகப் பீரோவில் தொங்கிய சீருடை கொஞ்சம் தொளதொளத்தது.

"எப்படி இருக்கேன்?"

"அப்படியே இருக்கே."

"பொய் சொல்லாதீங்க," என்று சிரித்தாள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் அவருக்கு நெஞ்சில் ஊசி ஏறியது. "முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

போனவர் முகம் கழுவவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, ஃபோனை எடுத்தார்.

ஆமாம். இன்னும் விட்டபாடில்லை. ஆஸ்பத்திரியில் அவள் தூங்கும்போது தாழ்வாரத்தில் நின்று எழுபதாவது அறையை முடித்தார். அறுவை சிகிச்சை நடந்த அன்று மட்டும் தொடவில்லை. மறுநாள் தொட்டுவிட்டார். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும். ஆனால் அறைய வேண்டிய அந்தக் கை ஃபோனைத்தான் பிடித்திருக்கும்.

விளையாட்டின் பெயர் நிழல்வீடு. கையில் ஒரு விளக்கோடு ஒரு சின்ன மனிதன். அறைக்கு அறை பள்ளம், சுவர், பூட்டிய கதவு. அந்த வீட்டில் நிழல் கெட்டியானது. அதன் மேல் ஏறி நடக்கலாம். விதி அவ்வளவுதான். யாரும் எதையும் சொல்லித் தர மாட்டார்கள். நாற்காலியின் நிழலைப் பாலமாக்கலாம், தூணின் நிழலை ஏணியாக்கலாம் என்பதெல்லாம் நாமே முட்டி மோதிக் கண்டுபிடிக்க வேண்டியது.

மகள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அவர் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற இருபத்திரண்டு வயதுக்காரி. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. விளையாட்டிலும் அதையே பெயராகப் போட்டிருந்தாள். அவர் தொழிலை நினைத்து 'மேல்மாடி' என்று போட்டார்.

"மேல்மாடி காலின்னு முழுசா போடுங்கப்பா," என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு வாரத்தில் அவளை எட்டிப் பிடித்தார். அதற்குக் காரணம் இருந்தது. இருபத்தாறு வருடமாக அவர் பார்க்கிற கோளாறுகளுக்கு நியாயமே கிடையாது. எலி கடித்த ஒயர், மழையில் ஊறிய பலகை, எவனோ அவசரத்தில் மாற்றிப் போட்ட ஸ்குரூ. நாள் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தாலும், 'சே, இதுதானா' என்றுதான் இருக்கும். நிழல்வீட்டில் எலி கிடையாது. அதைக் கட்டியவன் ஒளித்து வைத்திருக்கிறான், ஆனால் ஏமாற்றவில்லை. விடை முதலிலிருந்தே கண்ணெதிரில் இருக்கும். அது சட்டென்று தெரிகிற நொடியில் மண்டைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும். முகம் தெரியாத அந்த ஆள் தோளில் தட்டி, 'கண்டுபிடிச்சிட்டியே!' என்று சொல்வதுபோல இருக்கும். வேறு யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. லிஃப்ட் ஓடினால் யாரும் மெக்கானிக்கை நினைப்பதில்லை.

"என்னங்க, நேரமாச்சு!"

குழாயை மூடினார். முகத்தை நனைத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

---

டிப்போவின் மருத்துவ அறைக்கு வெளியே இரும்பு பெஞ்ச். எதிரே கண்ணாடித் தடுப்பு. உள்ளே சீட், ஸ்டீயரிங், மூன்று பெடலோடு பாதி வெட்டிய பேருந்து போல ஒரு இயந்திரம். மனைவியை முதலில் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

அப்பாவும் மகளும் மட்டும். வாலு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நாலு மாதமாக அவளிடம் பழைய துடுக்கு இல்லை; அம்மாவைப் பற்றிய கவலை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"எண்பத்துநாலு வந்துட்டீங்க போல," என்றாள், தரையைப் பார்த்தபடி.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ அந்த கேமை அழிச்சிட்டேன்னு சொன்னியே?"

"அழிக்கல. தொடறதில்ல, அவ்வளவுதான். நீங்க ஒவ்வொரு அறை முடிக்கும்போதும் எனக்கு ஃபோன்ல மணி அடிக்கும்ப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சட்டைப்பையிலிருந்த ஃபோனைத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கும் அடிச்சுது. அறுபத்தொண்ணு. ஒண்ணு அம்பத்தெட்டுக்கு." அவள் குரல் இறங்கியது. "குழிக்குள்ள சிக்னல் இல்லைன்னா அது எப்படிப்பா எனக்கு வந்துச்சு?"

வெளியே ஒரு பேருந்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. யாரோ அதன் பின்பக்கத்தைத் தட்டித் தட்டி "வா, வா, வா" என்று கத்தினார்கள். முழுப் பூசணிக்காயை நாலு மாதம் சோற்றில் மறைத்தாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

வாலு கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா முனையால் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்," என்றாள். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை.

"சொல்லிடறேன். இன்னைக்கு அவ பாஸ் ஆகட்டும். ஆனதும் சொல்லிடறேன்."

"ஆகலைன்னா?"

அதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது.

---

பரிசோதிக்கிற அம்மாள் கறார் என்று டிப்போவில் பெயர். ஆனால் அன்று நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள்.

"பச்சை விளக்கு எரிஞ்சதும் பிரேக்கை அழுத்துங்க. இந்த மீட்டர் முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டணும். விளக்கு அணையற வரைக்கும் கீழ இறங்கக் கூடாது. மூணு சான்ஸ். ரெண்டு சரியா வந்தா போதும்."

"நான் தினம் பண்ற வேலைதானே," என்றாள் மனைவி.

முதல் தடவை முள் ஜிவ்வென்று ஏறியது. கோட்டைத் தாண்டி நின்றது. விளக்கு அணையும்வரை அசையவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெக்கானிக் தன் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை அவரே கவனிக்கவில்லை.

இரண்டாவது தடவை ஏறியது, தாண்டியது, பாதியில் நடுங்கியது. அவள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள். முள் ஒரு நூல் அளவு கோட்டுக்குக் கீழே வந்து, திரும்ப ஏறியது.

"அது கணக்குல வராதும்மா," என்றாள் பரிசோதகர் மெதுவாக. "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரீங்களா?"

"வேண்டாம். போடுங்க."

மூன்றாவது முறை முள் கோட்டைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது, உதடு மடிந்தது, உடம்பு முழுக்க அந்தப் பாதத்தின் மேல் சாய்ந்தது. பாதம் மட்டும் கேட்கவில்லை. ஈரத்துணி சரிவதுபோல மெல்லச் சரிந்தது. முள் இறங்கி, பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"மூணு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் டைம் கீப்பர் ரூம்ல உட்காருங்க. நான் எழுதித் தரேன்."

"அப்பவும் வரலைன்னா?"

பரிசோதகர் பேனாவை மூடினாள். "வரும்னு நெனைங்க," என்றாள்.

---

டிப்போ முற்றத்தில் மரத்தடி சிமென்ட் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். வாலு உடனே எழுந்துவிட்டாள். "டீ வாங்கிட்டு வரேன்," என்று கேன்டீன் பக்கம் போனவள், போகும்போது அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

வரிசையாகப் பேருந்துகள் நின்றன. மனைவி தன் வண்டியைத் தேடினாள். வேறு ஒருத்தன் அதை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

"கிளட்ச்சை எப்படி மிதிக்கிறான் பாருங்க. வண்டி அழுவுது," என்றாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "நீங்க ஏன் இப்படி இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கீங்க? எல்லாத்துக்கும் நீங்களே காரணம்ங்கற மாதிரி? குழிக்குள்ள சிக்னல் இல்லைன்னா மனுஷன் என்ன பண்ணுவான்?"

இதைக் கேட்டுத்தான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூட இன்னும் மூன்று மாதம் மென்று விழுங்கியிருப்பார்.

"நான் குழிக்குள்ள இல்ல."

"என்ன?"

"அன்னைக்கு நான் குழிக்குள்ள இல்ல. மேல இருந்தேன். மெஷின் ரூம்ல. ஸ்பேர் பார்ட் வரணும், வேலை நின்னு போச்சு. ஃபோன்ல கேம் விளையாடிட்டிருந்தேன். நடுவுல ஃபோன் கால் வரக் கூடாதுன்னு அடைச்சு வெச்சிருந்தேன். உன் பதினொரு காலும் அப்புறம்தான் பாத்தேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. அவரிடமிருந்து நகர்ந்து அவள் முகத்தில் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான்.

அவள் கை வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது.

"கேமா?" என்றாள் கடைசியில். "சீட்டா? சூதாட்டமா?"

"அதெல்லாம் இல்ல. புதிர் மாதிரி. மூளைக்கு வேலை."

"காட்டுங்க."

"இப்ப எதுக்கு..."

"எதுக்காக நான் அந்தப் படியில உட்கார்ந்திருந்தேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? காட்டுங்க."

அவர் முதல் அறையைத் திறந்து கொடுத்தார். சின்ன மனிதன், கையில் விளக்கு, ஒரு நாற்காலி, நடுவில் பள்ளம், அந்தப் பக்கம் கதவு. அவர் விளக்கிச் சொல்ல வாயெடுத்தார். "நீங்க பேசாதீங்க," என்றாள்.

மனிதனை நடத்தினாள். பள்ளத்தில் விழுந்தான். மறுபடி நடத்தினாள். விழுந்தான். விளக்கைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தான். நாற்காலியின் நிழல் நீண்டது, சுருங்கியது, அவன் கிட்டே போகப் போகத் திரும்பி ஓடியது. ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். ஒரு பேருந்து அவளுக்கு ஹாரன் அடித்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனது, அவள் நிமிரவில்லை. ஏதோ நினைத்தவளாய் விளக்கின் மேலேயே விரலை வைத்து அழுத்தினாள். சின்ன மனிதன் குனிந்து விளக்கைத் தரையில் வைத்தான்.

"அட!"

நாற்காலியின் நிழல் பள்ளத்தின் மேல் நீளமாக விழுந்து அப்படியே நின்றது. மனிதன் வெறுங்கையோடு அதில் ஏறி நடந்து கதவைத் திறந்தான்.

"கீழ வைக்கலாமா! தூக்கிட்டேதான் நடக்கணும்னு யாரு சொன்னா? நானாத்தானே நெனைச்சுக்கிட்டேன்!" அவள் முகம் மலர்ந்தது. நான்கு மாதத்தில் அவர் பார்க்காத மலர்ச்சி. அடுத்த நொடியே அது அவிந்துபோனது.

"நல்லா இருக்குங்க," என்றாள். "அதான் எனக்கு ஆத்திரம். ஏதாவது கேவலமான விஷயமா இருந்திருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு விட்டிருப்பேன். இப்ப எனக்கே புரியுதே. நானும் எட்டு நிமிஷம் காலை மறந்துட்டேனே."

அவள் ஃபோனை அவரிடம் திருப்பி நீட்டினாள்.

"அன்னைக்கு எந்த அறை?"

"அறுபத்தொண்ணு."

"அதுல என்ன பண்ணணும்?"

"விளக்கை அணைக்கணும். அறுபது அறை வரைக்கும் பத்திரமா காப்பாத்திட்டு வந்த விளக்கு. அணைச்சா அறை முழுக்க நிழல். எங்க வேணா நடக்கலாம்." இதைச் சொல்லும்போதுகூடத் தன் குரலில் ஒரு துளி பெருமை ஒட்டியிருந்தது அவருக்கே கேட்டது. வெட்கத்தில் காது சுட்டது.

"திறங்க அதை."

அன்றைக்குப் பிறகு அந்த அறையை அவர் திறந்ததே இல்லை. திறந்து நீட்டினார். அறையின் படம், மேலே தேதி, கீழே அதை முடித்தவர்கள் பட்டியல். அவள் தேதியைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். விரல் அங்கேயே நின்றது.

மேல்மாடி, 1:58.

வாலு, 2:06.

இரண்டாவது வரியை அவரும் இப்போதுதான் பார்க்கிறார். மெஷின் ரூமிலிருந்து படிகளில் தாவி இறங்கி, அவர் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

வாலு என்ற செல்லப்பெயரை மகளுக்கு வைத்தவளே மனைவிதான். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அவளுக்கும் மூணு தடவை கூப்பிட்டேன்," என்றாள் மெதுவாக. "கடைசித் தடவை ரெண்டு மணிக்கு மேல. ரெண்டு ரிங் போச்சு, கட்டாச்சு. ஃபோனை முதலாளி டிராயர்ல வாங்கி வெச்சுட்டார்னு சொன்னா. நானும் நம்பினேன்."

கேன்டீன் பக்கமிருந்து வாலு மூன்று டம்ளர்களை இரண்டு கையால் அணைத்துப் பிடித்தபடி, சிந்தாமல், அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தாள். அவள் ஏன் நாலு மாதம் வாய் திறக்கவில்லை என்பது அவருக்கு இப்போது புரிந்தது. ஏதாவது சொல்லி அவளைக் காப்பாற்றிவிடலாமா என்று மனசு பரபரத்தது. பொய் தேடுவதில் நல்ல பழக்கம் இருந்தது அவருக்கு. ஆனால் மனைவியின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"அம்மா, சூடா இருக்கு, பாத்து."

அம்மா டம்ளரை வாங்கி பெஞ்சில் வைத்தாள். ஃபோனை மகள் பக்கம் திருப்பினாள்.

"உட்காரு. அன்னைக்கு என் ஃபோன் வந்தப்போ நீ கட் பண்ணினது கை தவறியா, தெரிஞ்சேவா?"

வாலு திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மீதி இரண்டு டம்ளரையும் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள். டீ விளிம்பில் தளும்பி விரல்களின் மேல் வழிந்தது. கையை உதறிக்கொள்ளவில்லை.

"தெரிஞ்சேதாம்மா," என்றாள்.